சிதறிய இனங்கள் ஒன்றான வரலாறு
(தளவாய்புரத்தில் ஆற்றப்பெற்ற உரை)



நெப்போலியனை வீழ்த்திய வேந்தர்கள் 1815-இல் வியன்னாவில் கூடி ஐரோப்பாவைப் பங்கிட்டபொழுது, செருமானிய மக்கள் 39 அரசுகளாகச் சிதறிக் கிடந்தனர். இத்தாலியரின் வடபுலத்தில் ஒரு பெரும்பகுதி ஆசுதிரியாவிடம் இருந்தது. நடுப்புலம் போப்பாண்டவரிடமும் தென்புலம் பூர்போன் மன்னரிடமும் இருந்தன. இத்தாலி என்பது நிலப்படத்திலுள்ள வெறும் பெயரே என்று ஆசுதிரிய அமைச்சர் மெட்டர்னிக்கு எள்ளி நகைத்தார்.

அப்பெயருக்கு உயிரூட்டியவர் மாசினி. பிறந்த மண்ணைவிட்டு வெளியேறிய அவர், 1831-இல் மார்செய் நகரில் 'இளம் இத்தாலி' இயக்கத்தைத் தொடங்கினார். அவர் மூட்டிய கிளர்ச்சிகள் ஒவ்வொன்றாய்த் தோற்றன. ஆயினும் இளைஞர் நெஞ்சில் பற்றிய தீ அணையவில்லை. 1860 மே திங்களில் கரிபால்டி ஏறத்தாழ ஆயிரம் தொண்டர்களோடு சிசிலியில் இறங்கினார். சில திங்களுக்குள் தென்புலம் அவர் கைக்கு வந்தது. அதனைத் தாமே ஆளாமல் மன்னர் விக்டர் இமானுவேலிடம் ஒப்படைத்துவிட்டுத் தம் சிறு தீவுக்கு உழவராய்த் திரும்பினார். ஒரு சிற்றூர்த் தலைமைக்கே முட்டி மோதிக்கொள்வாரைக் கண்டு பழகிய நமக்கு இது கட்டுக்கதைபோல் தோன்றும்! 1861-இல் இத்தாலிய அரசு அறிவிக்கப்பெற்றது. 1866-இல் வெனிசும் 1870-இல் உரோமையும் இணைந்தன. மாசினி கனவு கண்டதோ குடியரசு, வந்ததோ முடியரசு. அவர் 1872-இல் பீசா நகரில் வேற்றுப் பெயரில் மறைந்து வாழ்ந்தபடியே உயிர்நீத்தார்.

செருமானியரை முதலில் பிணைத்தது மொழி. கிரிம் உடன்பிறப்பாளர் 1838-இல் தொடங்கிய அகரமுதலி, அவர்கள் மறைந்து நூறாண்டு ஆகும் நிலையிலேதான் முற்றுப்பெற்றது. 1834-இன் சுங்க ஒன்றியம் வணிகத்தால் பிணைத்தது. ஆனால் 1848-இல் பிராங்குபர்ட்டில் மக்கள் பேராளர் கூடி முயன்றது பயனற்றுப் போகவே, பிசுமார்க்கு மூன்று போர்களால் அதனை முடித்து, 1871 சனவரி 18-இல் வெர்சேல் அரண்மனையில் பேரரசை அறிவித்தார். வாளால் வந்த அந்த ஒற்றுமை ஆசுதிரியச் செருமானியரை வெளியே விட்டது. போலந்து மக்களை உள்ளே அடைத்தது.

தமிழரின் போராட்டமோ வாளெடுக்காதது. இங்கிருந்து தென்காசிச் சாலையில் தெற்கே சென்றால் செங்கோட்டை. ஒரே மொழி, ஒரே உறவு. ஆயினும் 1956 வரை அது திருவிதாங்கூர், பின்னர்த் திருவிதாங்கூர்-கொச்சி ஆட்சியின்கீழ் இருந்தது. குமரித் தமிழரும் அவ்வாறே. நேசமணி தலைமையில் திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசு தாய்நிலத்தோடு இணையப் போராடியது. 1954 ஆகத்து 11-இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் காவலர் துப்பாக்கியால் சுட்டதில் தமிழர் பலர் மடிந்தனர். பட்டம் தாணுப்பிள்ளையின் அரசு பதவி விலகவேண்டுமென அவர் கட்சியின் பொதுச்செயலாளர் இலோகியாவே கேட்டார், அவர் விலகவில்லை.

1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகியவை தாயகம் சேர்ந்தன. தேவிகுளமும் பீருமேடும் சேரவில்லை. அங்குள்ள தமிழர் தேயிலைத் தோட்டத்துக்கு வந்துபோகும் கூலிகளாம்! அம்மலையைத் திருத்தி விளையவைத்தோர்க்கு அம்மலையில் வேரில்லை என்பது என்ன முறை? வடக்கே திருத்தணி மீள்வதற்கு 1960 வரை காத்திருக்கவேண்டியதாயிற்று.

இணைந்த நிலத்துக்குப் பெயர் வேண்டாவா? அதையும் கேட்டு விருதுநகர்ச் சங்கரலிங்கனார் 1956 சூலை 27-இல் உண்ணாநோன்பு தொடங்கினார். அக்டோபர் 13-இல் உயிர்துறந்தார். குமரி இணைந்ததை அவர் கண்கள் காணவில்லை. அவர் கேட்ட 'தமிழ்நாடு' என்னும் பெயர் 1969 சனவரி 14-இல் நடைமுறைக்கு வந்தது.