தொப்பூர்க் கணவாயும் மருத்துவப் பணியாளர் பயிற்சியும்

(விழா அவையில் ஆற்றப்பெற்ற உரை)



தருமபுரியிலிருந்து சேலத்திற்குச் செல்வோர் தொப்பூர்க் கணவாயை அறியாதிருக்க இயலாது. அதியமான் ஆண்ட தகடூரின் தென்புறத்தே, 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை அங்கே வளைந்து வளைந்து இறங்குகிறது. டீசலை மிச்சப்படுத்த எண்ணி லாரியை நியூட்ரலில் இறக்குவதும், சரக்கின் பாரம் தாளாது பிரேக் செயலிழப்பதும் அவ்விடத்தின் பழங்கதை. 2020 டிசம்பர் 12 அன்று, நெரிசலில் நின்றிருந்த பத்துக்கும் மேற்பட்ட வாகனங்கள்மீது ஒரு லாரி மோதியது, நால்வர் மாண்டனர். 2024 ஜனவரி 24 அன்று லாரிகளும் ஒரு காரும் மோதித் தீப்பற்றின, அன்றும் நால்வர்.

சாலையைச் செம்மை செய்தல் பொறியாளர் கடமை. மோதலுக்குப் பிந்திய ஒரு மணி நேரம் யார் கையில் இருக்கிறது என்பதே இவ்வுரையின் பொருள்.

இரவு வேளை. ஒரு மருத்துவமனையில் ஒரு மருத்துவரும் இரண்டு செவிலியரும் பணியில் இருக்கின்றனர். ஒரே நேரத்தில் இருபது பேர் காயங்களுடன் வந்து இறங்குகின்றனர். யாரை முதலில் பார்ப்பது? பயிற்சியில்லாத உள்ளம் அலறுபவரிடமே ஓடும். அது மனித இயல்பு. ஆனால் அலறுபவருக்கு மூச்சு ஓடுகிறது. மூலையில் ஓசையின்றிக் கிடப்பவருக்கோ நாக்கு பின்சரிந்து மூச்சுக்குழல் அடைபட்டிருக்கலாம். அவருக்கு எஞ்சியவை சில நிமிடங்களே. அலறலைக் கடந்து அமைதியை நோக்கி நடக்கக் கற்பித்தலே இப்பயிற்சியின் முதற்பாடம்.

நெப்போலியனின் படை மருத்துவரான லாரே, தளபதியா சிப்பாயா என்று பாராமல் காயத்தின் கடுமையைப் பார்த்தே வரிசை வகுத்தார். இன்று சிவப்பு, மஞ்சள், பச்சை என்னும் நிறங்களால் அவ்வரிசை குறிக்கப்படுகிறது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளின் அவசர சிகிச்சைப் பிரிவுகளிலும் இந்நிறப் பகுப்பு வந்துவிட்டது. பேரிடர் வேளையில் கறுப்பு என்றொரு நிறமும் சேர்கிறது. வேறொரு நாளில் அனைவரும் சூழ்ந்து நின்று காக்க முயன்றிருக்கக்கூடிய ஒருவரை, பிழைக்கும் வாய்ப்புள்ள மூவருக்காக ஒதுக்கிவைக்கும் நிறம் அது. எல்லா உயிரையும் ஒப்ப மதிக்கக் கற்று வளர்ந்தவருக்கு இதனினும் கொடிய பாடம் இல்லை. அம்முடிவை முதன்முறையாக எடுக்கும் இடம் விபத்து நள்ளிரவாக இருத்தல் ஆகாது; பயிற்சிக்கூடமாகவே இருத்தல் வேண்டும்.

மருத்துவப் பட்டம் மட்டும் இதற்குப் போதாது என்பதற்கு அமெரிக்காவில் ஒரு சான்று உண்டு. 1976 பிப்ரவரியில், ஜேம்ஸ் ஸ்டைனர் என்னும் எலும்பு முறிவு அறுவை மருத்துவர் தாமே ஓட்டிச் சென்ற சிறு விமானம் நெப்ராஸ்காவில் வயலில் விழுந்தது. மனைவி இறந்தார், பிள்ளைகள் படுகாயமுற்றனர். அருகிலிருந்த சிற்றூர் மருத்துவமனை அளித்த சிகிச்சை கண்டு அவர் மனம் நொந்தார். குறை அம்மருத்துவர்களிடம் அன்று, அவர்களுக்குக் கிடைக்காத பயிற்சியில் என உணர்ந்தார். 1978இல் நண்பர்களுடன் ஒரு பாடத்திட்டம் தொடங்கினார். முதலில் மூச்சுப்பாதை, அடுத்து சுவாசம், பிறகு குருதியோட்டம் என்னும் அதன் ஒழுங்கை இன்று உலகெங்கும் மருத்துவர் பயில்கின்றனர். பெருநகர மருத்துவமனைக்காக அன்றி, அரூரையும் பென்னாகரத்தையும் ஒத்த ஊர்களுக்காகப் பிறந்த பாடம் அது.

தமிழ்நாட்டில் 2008இல் 108 ஊர்தி வந்தது. தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரியும் அவ்வாண்டே பிறந்தது. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தால், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசே பொருள் தருகிறது. ஊர்தியும் பொருளும் வந்தபின் எஞ்சுவது கைப்பழக்கமே.

அதுவோ எளிதில் மறக்கும். ஒருமுறை பயிற்சி பெற்றுச் சான்றிதழைச் சட்டமிட்டு மாட்டுவதால் பயன் சிறிது. பயின்ற செவிலியர் இடமாறுதலில் போய்விடுகிறார், சட்டம் மட்டும் சுவரில் இருக்கிறது! ஒத்திகையை முன்னறிவிப்பின்றி, இரவில், காவலரையும் தூய்மைப் பணியாளரையும் சேர்த்து நடத்துதல் வேண்டும். ஸ்ட்ரெச்சர் தள்ளுபவர் அவர்களே. ஆக்சிஜன் அறையின் சாவி யாரிடம், மின்சாரம் நின்றால் ஜெனரேட்டரை இயக்குபவர் யார், இரத்த வங்கியை அழைக்கும் எண் எது என்பன அப்போதுதான் வெளிப்படும்.

இம்மாவட்டத்தின் இடர் சாலையோடு முடிவதில்லை. 2022 ஆகஸ்டில் ஒகேனக்கல்லில் காவிரி 2 இலட்சம் கன அடியைத் தாண்டிப் பாய்ந்தது. 2024 டிசம்பர்த் தொடக்கத்தில் பெஞ்சல் புயல்மழை அரூர்ப் பகுதியை வெள்ளக்காடாக்கியது. பாலம் மூழ்கினால் 108 வாராது. டயாலிசிஸ் நோயாளியையும் நிறைமாதக் கர்ப்பிணியையும் முன்னாளே இடம் மாற்றும் பட்டியல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அணியமாக இருத்தல் வேண்டும்.

நெடுஞ்சாலையோரம் கடையும் வீடும் உடைய குடும்பங்கள் இவ்வவையிலும் இருக்கக்கூடும். மருத்துவர் கைக்கு வருமுன் அடிபட்டவரைத் தொடுபவர் அவர்களே. கழுத்து அசையாமல் தாங்குதல், பீறிடும் குருதியைத் தூய துணியால் அழுத்திப் பிடித்தல் ஆகிய இரண்டையும் அரைநாளில் கற்கலாம். வழக்கில் சிக்குவோமோ என அஞ்சவும் வேண்டா. 2019இல் திருத்தப்பெற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவின்படி, நல்லெண்ணத்துடன் உதவியவர்மீது வழக்குத் தொடர முடியாது. தம் பெயரைச் சொல்லுமாறு அவரைக் கட்டாயப்படுத்தவும் எவருக்கும் உரிமை இல்லை.