பட்டுத் துணியில் வந்த சேதி

(லாலாகுடா மாலை வகுப்பில் தொண்டர் ஒருவர் பேசியது)

அம்மாமார்களே, அக்காமார்களே, வேலை முடிந்து நேராக இங்கே வந்திருக்கும் அண்ணன்மார்களே! இன்று பாடம் இல்லை. சிலேட்டை ஓரமாக வையுங்கள். துணியைப் பற்றிப் பேசப் போகிறேன்.

நம் லாலாகுடாவில் ரயில்வே பட்டறை 1893-ல் வந்தது. அதற்கு வெகுகாலம் முன்பே சிகந்தராபாத்தில் பட்டாளம் வந்துவிட்டது. நம்மில் பலருடைய பாட்டன், பூட்டன் இந்த இரண்டில் ஒன்றை நம்பித்தான் தமிழ்நாட்டை விட்டு இங்கே வந்தார்கள். பட்டறைக் கதை உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதனால் பட்டாளத்துக் கதையில் ஒரு துண்டைச் சொல்கிறேன்.

1914-ல் முதல் உலகப் போர் தொடங்கியது. கப்பல் ஏறிப் பிரான்சுக்குப் போன குதிரைப்படைகளில் ஒன்றுக்குப் பெயரே சிகந்தராபாத் பிரிகேடு. அதில் மூன்று படைகள். ஒன்று வெள்ளைக்காரர்களின் 7-வது டிராகூன் கார்ட்ஸ். மற்ற இரண்டும் நம் நாட்டுப் படைகள்: டெக்கான் ஹார்ஸ், பூனா ஹார்ஸ். டெக்கான் ஹார்ஸில் சீக்கியர்கள், ஜாட்டுகள், நம் தக்காணத்து முஸ்லிம்கள் எல்லோரும் இருந்தார்கள். 1916 ஜூலை 14 அன்று, சோம் போரில், ஹை வுட் என்ற காட்டின் அருகே டெக்கான் ஹார்ஸும் டிராகூன் கார்ட்ஸும் ஈட்டியைப் பிடித்துக்கொண்டு குதிரையில் பாய்ந்தார்கள். எதிரில் இருந்ததோ எந்திரத் துப்பாக்கி. அந்தக் காடு முழுதாகக் கைக்கு வர மேலும் இரண்டு மாதம் ஆயிற்று.

அந்தப் போர்க்காலத்தில் பிரான்சு தேசத்துக் கடைகளில் ஒரு பொருள் விற்றது. பட்டு வைத்த தபால் அட்டை. நடுவில் சல்லடை போல மெல்லிய பட்டுத்துணி. அதில் வண்ண நூலால் பூ, பட்டாம்பூச்சி, நேச நாடுகளின் கொடிகள், படையின் சின்னம், வருடம். துணியைச் சுற்றிக் காகிதச் சட்டம். சில அட்டைகளில் அந்தப் பட்டே சின்னப் பை போல மடிந்திருக்கும். உள்ளே விரல் நுழைத்தால் குட்டி வாழ்த்துச் சீட்டு ஒன்று வரும். ‘அன்புள்ள அம்மாவுக்கு’, ‘என்னை மறவாதே’ என்ற மாதிரி இங்கிலீஷ் எழுத்துகளும் நூலாலேயே தைத்திருக்கும். சாதாரண அட்டையைவிட விலை அதிகம். அப்படியும் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் லட்சக்கணக்கில் வாங்கி வீட்டுக்கு அனுப்பினார்கள். பட்டு அழுக்காகாமல் இருக்க உறைக்குள் வைத்து அனுப்பியதால், பழைய அட்டைகள் பலவற்றில் தபால்தலையே இருக்காது.

இதையெல்லாம் பிரெஞ்சுப் பெண்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கையால் தைத்தார்கள் என்று வெகுநாள் சொல்லி வந்தார்கள். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பெரும்பாலானவை பட்டறையில், கையால் ஓட்டும் எந்திரத்தில் தைத்தவை என்று பின்னால் ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். அந்த எந்திரம் எப்படி வேலை செய்யும் தெரியுமா? ஒரு பலகையில் படத்தைப் பெரிதாக வரைந்து மாட்டியிருப்பார்கள். ஓட்டுபவர் ஒரு கம்பியின் முனையால் அந்தக் கோட்டின் மேலேயே போவார். அவர் கை போகிற வழியில் நூற்றுக்கணக்கான ஊசிகள் ஒரே நேரத்தில் போய்த் தைக்கும். பூவுக்கும் அதே வேலைதான், எழுத்துக்கும் அதே வேலைதான். அவர் பேசியது பிரெஞ்சு. தைத்ததோ இங்கிலீஷ். அந்த மொழி தெரியாவிட்டாலும் அவருக்கு வேலை ஓடும். எழுத்து அங்கே ஒரு படம், அவ்வளவுதான்.

இனி நம் நாட்டுச் சிப்பாய்க்கு வருவோம். 1914-ல் காலாட்படைச் சிப்பாய்க்குச் சம்பளம் மாதம் 11 ரூபாய். அவர்களில் பலருக்கு எழுதத் தெரியாது. எழுதத் தெரிந்த ஒருவரைப் பிடித்து, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதி வாங்க வேண்டும். அந்தக் கடிதத்தைத் தணிக்கை அதிகாரிகள் படிப்பார்கள். இந்தியத் தபாலுக்கென்றே தனியாகத் தணிக்கை ஆபீஸ் இருந்தது. ஊருக்கு வந்த பிறகு அங்கே படிக்கத் தெரிந்த ஒருவர் கடிதத்தை உரக்கப் படிப்பார். சுற்றிலும் ஆட்கள் நிற்பார்கள். புருஷன் பெண்டாட்டிக்குச் சொன்ன வார்த்தை எத்தனை காது தாண்டி வருகிறது பாருங்கள்! அப்புறம் மனதில் இருப்பதை எப்படிச் சொல்வது? சிலர் மறைபொருளாகச் சொன்னார்கள். நம் சிப்பாய்க்குக் கறுப்பு மிளகு என்றும் வெள்ளைக்காரனுக்குச் சிவப்பு மிளகு என்றும் பெயர் வைத்து, எது எவ்வளவு தீர்ந்தது என்று எழுதினார்கள். தணிக்கைக்காரர்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல, கண்டுபிடித்துவிட்டார்கள். அவர்கள் பார்த்து மொழிபெயர்த்து வைத்த கடிதங்கள் இன்றும் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. மனைவிக்கு அந்தரங்கமாக வந்த சேதி, அவள் கைக்கு வருவதற்கு முன்பே சர்க்கார் கோப்பில் ஏறியிருக்கிறது. எனக்கு இது இன்னும் ஆறவில்லை.

துணியில் சேதி அனுப்புவது ஒரு நாட்டோடு நிற்கவில்லை. ஜப்பானில் வீட்டுப் பெண்கள் இடுப்பில் கட்டும் துணியைச் சிப்பாய்க்குக் கொடுத்தார்கள். ஆயிரம் பெண்கள், ஆளுக்கு ஒரு முடிச்சு. தெருவில் போகிறவர்களையும் நிறுத்தி முடிச்சு வாங்குவார்கள். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாய்கள் பளபளக்கும் தலையணை உறைகளை அனுப்பினார்கள். முகாமின் பெயரும் அம்மாவைப் பற்றிய பாட்டும் அதில் அச்சாகியே இருக்கும். வாங்கி அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

எனக்குப் பெரிதாகப் படுவது சிங்கப்பூரில் நடந்தது. 1942 பிப்ரவரியில் ஜப்பான் சிங்கப்பூரைப் பிடித்தது. ஏறக்குறைய 400 பெண்களையும் குழந்தைகளையும் சாங்கி சிறையில் அடைத்தார்கள். புருஷன்மார் வேறு இடத்தில். பேசவோ கடிதம் போடவோ வழியில்லை. அந்தப் பெண்களில் எத்தல் மல்வேனி என்ற கனடா நாட்டுப் பெண் ஒரு யோசனை சொன்னார். அடிபட்டுக் கிடக்கும் சிப்பாய்களுக்காகத் துண்டுத் துணி ஒட்டுப்போட்ட போர்வை தைத்துத் தருகிறோம் என்று கேட்டார்கள். இங்கிலீஷ்காரர்களுக்கு ஒன்று, ஆஸ்திரேலியர்களுக்கு ஒன்று. காவலர்கள் மறுக்காமல் இருக்க ஜப்பான் சிப்பாய்களுக்கும் ஒன்று! கெட்டிக்காரத்தனம்தானே?

ஒவ்வொரு போர்வையிலும் 66 சதுரங்கள். ஆளுக்கு ஒரு சதுரத்தில் தனக்குத் தோன்றிய படத்தைத் தைத்தாள். பூ, வீடு, சிறைக் கம்பி என்று விதவிதமாக. கூடவே நூலால் தன் பெயரையும் தைத்தாள். அந்தப் பெயர்தான் விஷயம். போர்வை ஆண்கள் இருந்த முகாமின் ஆஸ்பத்திரிக்குப் போனால் யாராவது பார்ப்பார்கள். அவள் உயிரோடு இருக்கிறாள் என்ற சேதி புருஷனுக்குப் போய்ச் சேரும். நலமா என்ற கேள்வியும் இல்லை, அன்புள்ள என்ற சொல்லும் இல்லை. ஒரு பெயர் போதுமானதாக இருந்தது. மூன்று போர்வைகளும் போரில் அழியாமல் தப்பின. இரண்டு ஆஸ்திரேலியப் போர் நினைவகத்திலும், ஒன்று லண்டனில் பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்திடமும் இருக்கின்றன.

பட்டு அட்டைகளிலும் இப்படித்தான். முன்பக்கத்துப் பட்டு ஆயிரம் வீட்டுக்கு ஒரே மாதிரிதான் போனது. பின்பக்கத்தில் பென்சிலால் கிறுக்கிய இரண்டு வரி இருக்கிறதே, அது ஒரே ஒரு வீட்டுக்கு எழுதியது. பேரப்பிள்ளைகள் இன்று அட்டையைத் திருப்பிப் பார்ப்பது அதற்காகத்தான். எழுதாமல் விட்ட அட்டைகளும் நிறைய உண்டு. அழகான பட்டுதான், யார் யாருக்கு அனுப்பியது என்று சொல்ல ஆளில்லை.

நம் வகுப்பில் ஒரு அக்கா இருக்கிறார். அனுமதி கேட்டுத்தான் சொல்கிறேன். ஜெனரல் பஜாரில் கோடு போட்டு விற்கும் தலையணை உறை வாங்கி, ‘குட் நைட்’ என்று இங்கிலீஷில் தைப்பார். இருபது வருடமாகத் தைக்கிறார். கோட்டின் மேலேயே போய்த் தைத்ததுதான், எழுத்து என்று தெரியாது. போன மாதம் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டார். இப்போது உறையின் மூலையில் தன் பெயரைத் தமிழில் தைக்க ஆசைப்படுகிறார், அது சரியாக வரவில்லை. குறுக்குத் தையலில் இங்கிலீஷ் எழுத்து நன்றாக வரும். நம் எழுத்து வளைந்து வளைந்து போகிறது, ‘ண’வுக்கு எத்தனை சுழி! அக்கா, அதற்குச் சங்கிலித் தையல் போடுங்கள். முதலில் பென்சிலால் துணியில் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். சுழி வரும் இடத்தில் தையலைச் சின்னதாக்குங்கள். நூலை இழுத்துப் பிடிக்காதீர்கள், துணி சுருங்கிவிடும்.