இராக் கடமையும் பகல் தூக்கமும்



நூற்றாண்டு விழாவில் வைத்தியர் பேச எழும்பினால் சீனி வியாதியைப் பற்றித்தான் பேசுவார் என்று பயந்திருப்பீர்கள். இன்று தூக்கத்தைப் பற்றிப் பேசுகிறோம். பேச்சுக்கு நடுவில் யாராவது கண்ணயர்ந்தால் அதைச் செய்முறை விளக்கமாக எடுத்துக்கொள்வோம்.

இராக் கடமை செய்யும் வைத்தியர்களும் தாதியரும் ஒரு தனி ரகம். நள்ளிரவில் "இன்றைக்கு வாட்டு அமைதியாக இருக்கு" என்று எங்களில் எவரும் வாய்விட்டுச் சொல்லமாட்டோம். சொன்னால் பத்து நிமிடத்தில் அம்புலன்ஸ் வந்து நிற்குமாம். இதற்கு விஞ்ஞான ஆதாரம் கிடையாது, ஆனாலும் சொல்லமாட்டோம். விடிந்ததும், இரவெல்லாம் வாவியில் வலை போட்டவர்கள் கரை திரும்பும் நேரம், நாங்கள் கல்லடிப் பாலத்தால் வீடு திரும்புவோம். யன்னலை மூடிப் படுத்தால், பாண் ஓட்டோ பீத்தோவனின் இசையோடு ஒழுங்கைக்குள் வரும்.

சரக்கு விமானம் ஓட்டும் விமானிகளுக்கும் இதே பாடுதான். ஊராரின் பொதிகள் காலையில் போய்ச் சேரவேண்டும் என்பதற்காக இரவில் பறக்கிறார்கள். பகலில் ஹோட்டல் அறையில் திரையை இழுத்து மூடிப் படுத்தால், அறை துப்புரவாக்க வந்து கதவைத் தட்டுவார்கள்.

இதுவரை சொன்னது சிரிப்பதற்கு. அதிகாலை 2 மணிக்கும் 6 மணிக்கும் இடையில் உடம்பின் கடிகாரம் மிகவும் தாழ்ந்த நிலையில் இருக்கும். 2013 ஓகஸ்ட் 14ஆம் திகதி விடியுமுன், அமெரிக்காவின் பர்மிங்ஹாம் நகரில் தரையிறங்க வந்த யூ.பி.எஸ். சரக்கு விமானம் விழுந்து விமானிகள் இருவரும் இறந்தார்கள். விசாரணையில் களைப்பும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. அடுத்த ஜனவரியில் அந்த நாட்டில் விமானிகளின் ஓய்வுக்குப் புதிய விதிகள் வந்தன. ஆனால் சரக்கு விமானிகளுக்கு அவை கட்டாயமாக்கப்படவில்லை. பெட்டிகள் முறைப்பாடு செய்யாதுதானே! ஏற்றியது ஆட்களா பெட்டிகளா என்று பார்த்தா விமானியின் கண் சொக்குகிறது?

17 மணித்தியாலம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயற்றிறன், இரத்தத்தில் 0.05 வீதம் மது உள்ளவரின் அளவுக்குக் குறைகிறது என்று 1997இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். சாராயம் குடித்தவரிடம் ஊசி போட்டுக்கொள்ள எவரும் சம்மதிக்கமாட்டோம். தூங்காதவரிடம் மட்டும் கையை நீட்டுகிறோம்.

எங்கள் வீடுகளையும் பார்ப்போம். இரவு மீன் பிடித்தவர் வந்து படுத்தால், "சத்தம் போடாதேங்க, அப்பா படுக்கிறார்" என்று பிள்ளைகளை அடக்குவோம். இராக் கடமை முடித்து வரும் பெண்ணிடமோ, "வந்திட்டியா மகள், இந்தத் தேங்காயை ஒருக்காத் திருவித் தா" என்போம். வாட்டில் விழித்திருந்தவள் அடுப்படியிலும் விழித்திருந்து, மறுகா அன்றிரவே கடமைக்குப் போகிறாள். அவளுடைய தூக்கத்தில் கைவைப்பது, அன்றிரவு அவள் பார்க்கப்போகும் நோயாளியின் உயிரில் கைவைப்பதாகும்.

தங்கச்சிமாரே, உங்களில் பலர் நாளை தாதியாக, வைத்தியராக, ஒருவேளை விமானியாகவும் வருவீர்கள். பகலில் படுக்க வெட்கப்படவேண்டாம். கண் சொக்கினால் ஸ்கூட்டியை எடுக்குமுன் இருபது நிமிடம் தூங்கி எழும்புங்கள். அம்மாமாரே, மாமிமாரே, அந்தத் தேங்காயை வீட்டில் வேறு யாராவது திருவட்டும்.

எங்களில் சிலருக்கு இன்றிரவு கடமை. மதியச் சாப்பாட்டுக்கு நிற்காமல் போனால் கோபிக்கவேண்டாம், தூங்கப் போகிறோம்.