கப்பலுக்கு முன்னால் இரண்டு நாள்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



"நீங்கள் 1980ஆம் ஆண்டு வகுப்பு நண்பர்களோடு கப்பலில் போய் வந்தீர்களாமே, அதைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுங்கள்" என்று நம் செயலாளர் கேட்டார். சரி என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்குப் போய் யோசித்துப் பார்த்தால் கப்பலைப் பற்றிச் சொல்ல எனக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. பெரிய ஓட்டல் ஒன்று தண்ணீரில் மிதக்கிறது, அவ்வளவுதான். ஏறுவதற்கு முன்னால் தரையில் தங்கிய இரண்டு நாள்தான் மனசிலே நிற்கிறது. ஆகவே அதைப் பற்றியே பேசுகிறேன். செயலாளர் பொறுத்தருள வேண்டும்.

2022 ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து 'கோர்டீலியா' சொகுசுக் கப்பல் புறப்பட ஆரம்பித்தது உங்களுக்கு நினைவிருக்கும். செய்தியைப் படித்த அன்றே எங்கள் வாட்ஸப் குழுவில் பேச்சு கிளம்பிவிட்டது. "பட்டம் வாங்கி நாற்பத்திரண்டு வருஷம் ஆச்சு, ஒரு தடவையாவது எல்லோரும் சேர்ந்து போகலாம்டா" என்றார்கள். சென்னையில் ஏறி, நடுக்கடல் வரை போய், சென்னையிலேயே இறங்கும் இரண்டு இரவுப் பயணத்தைப் பார்த்து வைத்தோம். பதின்மூன்று பேர் பெயர் கொடுத்தார்கள்.

அப்போது ஜெர்மனியில் இருக்கும் நம் நண்பர் ஒருவர் ஒரு யோசனை சொன்னார். "நேரே விமானத்தை விட்டு இறங்கிக் கப்பலில் ஏறாதீங்கப்பா. ஐரோப்பாவிலே கப்பல் பயணம் போகிறவர்கள் இரண்டு நாள் முன்னாடியே போய், அந்தத் துறைமுகத்துக்குப் பக்கத்திலே இருக்கும் பழைய ஊரில் தங்குவார்கள். விமானம் தாமதமாகலாம், பெட்டி வந்து சேராமல் போகலாம். கப்பல் யாருக்காகவும் நிற்காது" என்றார். கப்பலைத் தவறவிட்டால் சொந்தச் செலவில் அடுத்த துறைமுகத்துக்குப் போய்ப் பிடிக்க வேண்டுமாம். எங்கள் கப்பலுக்கு அடுத்த துறைமுகமே கிடையாது!

அவர் வெனிஸ் நகரில் பட்ட அனுபவத்தையும் சொன்னார். வெனிஸ் தண்ணீர் மேல் கட்டிய ஊர். பெரிய கப்பல்கள் அந்தப் பழைய கட்டடங்களை உரசுவது போல நடு ஊருக்குள் போய்க்கொண்டிருந்தன. ஊருக்கு ஆபத்து என்று இத்தாலி அரசு 2021 ஆகஸ்ட் 1 முதல் அந்த வழியில் பெரிய கப்பல்களுக்குத் தடை போட்டுவிட்டது. சில கப்பல்கள் பக்கத்து மார்கெராவுக்குப் போயின. சில, நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள ரவென்னாவுக்கே போய்விட்டன. "விளம்பரத்திலே வெனிஸ்னு கொட்டை எழுத்து. ஏறுகிற இடம் ரவென்னான்னு பொடி எழுத்து. நல்ல வேளை, முன்னாடியே போனதால் தெரிஞ்சுது" என்றார். ரோம் நகரக் கப்பலும் அப்படித்தான், ரோமில் நிற்காது; சிவிதவெக்கியா என்ற வேறு ஊரில்தான் நிற்கும். எந்த ஊர்க் கப்பலானாலும், ஏறும் இடம் எது, அங்கே போக எவ்வளவு நேரம் என்பதை முதலில் பார்த்துவிட்டு, அப்புறம் தங்கும் அறையைத் தேடுங்கள்.

"அப்போ நம்ம வெனிஸ் எது?" என்று ஒருவர் கேட்டார். "மாமல்லபுரம்தான், வேறென்ன?" என்று பத்துப் பேர் ஒரே குரலில் பதில் போட்டார்கள். பொருத்தமான பதில்தான். பல்லவர் காலத்தில் அதுவே துறைமுகம். திருமங்கையாழ்வார் கடல்மல்லையைப் பாடும்போது, செல்வம் சுமந்து நிற்கும் கலங்களையும் சேர்த்தே பாடியிருக்கிறார். 1984 முதல் அது யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம். நம் சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகச் சுமார் நாற்பது கிலோமீட்டர். படிக்கிற காலத்தில் சினிமாவுக்குப் போன நாம், மாமல்லபுரத்துக்கு எத்தனை தடவை போனோம் என்று அவரவர் மனசைத் தொட்டுக் கேட்டுக்கொள்ளலாம்.

கப்பல் ஏறுமுன் காத்திருப்பது தமிழனுக்குப் புதிதுமல்ல. 1973 வரை ஓடிய 'ரஜூலா' கப்பலுக்கும், அதன் பிறகு வந்த 'சிதம்பரம்' கப்பலுக்கும், நாகப்பட்டினத்தில் மூட்டை முடிச்சுகளோடு காத்துக் கிடந்தவர்கள் நம் முன்னோர். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்களை மண்டபம் முகாமில் தடுத்து வைத்து, நோய் இல்லை என்று பார்த்த பிறகே அனுப்பினார்கள். அவர்கள் காத்திருந்தது பிழைப்புக்காக. நாம் காத்திருக்கப் போவது பொழுதுபோக்குக்காக. அந்த வித்தியாசத்தை மறக்கக் கூடாது.

இனி நான் செய்த தப்பைச் சொல்ல வேண்டும்.

விடுதியில் என் பக்கத்துக் கட்டில்காரர் ஒருவர். பெயர் சொல்ல அவர் சம்மதிக்கவில்லை. ஊர் சதுரங்கப்பட்டினம் பக்கம் கடலோரக் கிராமம். தனியார் பள்ளியில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், பென்ஷன் கிடையாது. கப்பலுக்கு வருகிறாயா என்று குழுவில் கேட்டதற்கு, "எனக்குக் கடல் ஒத்துக்காதுப்பா, நீங்க போய்ட்டு வாங்க" என்று ஒரே வரியில் பதில் போட்டார். கடலோரத்தில் பிறந்து, சின்ன வயசிலே கட்டுமரத்தில் போனவனுக்குக் கடல் ஒத்துக்காதா? பணம்தான் காரணம் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். அதோடு விட்டேனா? "அவன் டிக்கெட்டை நாம எல்லோரும் சேர்ந்து போட்டுடலாம்" என்று அதே குழுவில் எழுதிவிட்டேன். நாலு பேர் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார்கள்.

மறுநாள் காலையில் பார்த்தால் அவர் குழுவை விட்டு வெளியேறியிருந்தார்.

நாலு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என் மனைவிதான், "அந்த அண்ணன் வர்ற மாதிரி ஒண்ணைச் செய்யாமல், நீங்க போற இடத்துக்கு அவரை இழுத்தா எப்படி?" என்று கேட்டாள். அந்த ஒரு கேள்வியில் எங்கள் திட்டம் தலைகீழாக மாறியது. கப்பல் முக்கியம், தங்கல் அதற்குத் துணை என்று வைத்திருந்தோம். இப்போது மாமல்லபுரத்தில் இரண்டு நாள் சந்திப்பு. அதற்குப் பிறகு விருப்பமுள்ளவர்கள் கப்பலுக்குப் போகலாம் என்று மாற்றினோம். தங்கலுக்கு எல்லோருக்கும் ஒரே கட்டணம். வெளிநாட்டிலிருந்து வருபவர் ஆனாலும், உள்ளூர்க்காரர் ஆனாலும், சாதாரண லாட்ஜில் இரண்டு பேருக்கு ஒரு அறை. யார் கப்பலுக்குப் போகிறார், யார் போகவில்லை என்று அங்கே யாரும் கேட்கக் கூடாது என்பது விதி.

பிறகு நானே அவர் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். "எங்களுக்கு அந்த ஊரைச் சுற்றிக் காட்ட ஆள் வேணும். உன்னை விட்டால் யாரு?" என்றேன். "காலையிலே ஆறு மணிக்குக் கிளம்புவீங்களா? பத்து மணிக்கு எழுந்து வர்றவனுக்கு நான் ஒண்ணும் காட்ட மாட்டேன்" என்றார். சம்மதம் என்று அர்த்தம்.

தேதி குறிப்பதிலும் சறுக்கினோம். முதலில் ஜூலை கடைசி என்று வைத்தோம். அறை கேட்டால் ஒரு இடத்திலும் இல்லை. 2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை 44ஆவது செஸ் ஒலிம்பியாட் அதே மாமல்லபுரத்தில், பூஞ்சேரியில்! உலகமே அங்கே வரப் போகிறது, நாங்கள் அறை தேடுகிறோம். ஆகஸ்ட் கடைசிக்குத் தள்ளி வைத்தோம். எந்த ஊருக்குப் போனாலும் அந்தத் தேதியில் அங்கே என்ன விசேஷம் என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

கப்பலுக்குப் பதின்மூன்று பேர்தான். தங்கலுக்கு வந்தவர்கள் இருபத்தேழு பேர்! அந்தப் பதினான்கு பேரும் பணமில்லாதவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஒருவர் வீட்டில் தாயார் படுக்கையில். ஒருவருக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். ஒரு தோழிக்கு மகள் பிரசவம். காரணம் ஆயிரம் இருக்கும்.

எல்லோரும் சிங்கப்பெருமாள் கோயில் ரயில் நிலையத்தில் கூடினோம். முதலில் பாடலாத்ரி நரசிம்மர் சந்நிதி. குடைவரைக் கோயில், பெருமாள் மலையோடு மலையாக இருப்பவர். அவரைச் சுற்ற வேண்டுமானால் மலையையே சுற்ற வேண்டும். முட்டி வலிக்காரர்கள் கூட மெதுவாகச் சுற்றி வந்தோம். பிறகு வேனில் மாமல்லபுரம்.

மறுநாள் காலை ஆறு மணிக்கெல்லாம் ஐந்து ரதங்கள் முன்னால் நின்றோம். வெயில் ஏறிவிட்டால் பாறையில் கால் வைக்க முடியாது. அதனால்தான் அந்தக் கண்டிப்பு என்று பிறகு புரிந்தது. வெளிநாட்டு நண்பர்களுக்கு ஒரு தகவல். ஓ.சி.ஐ. அட்டை இருந்தால் இந்தியர்களுக்கு உள்ள கட்டணமே போதும். அட்டையை அறையில் வைத்துவிட்டு வந்தவர் திரும்ப ஓடினார்.

நம் நண்பர் பாடம் எடுக்க ஆரம்பித்தார். "இதெல்லாம் கல்லை அடுக்கிக் கட்டினது இல்லை. ஒரே பாறை. மேலேயிருந்து கீழே செதுக்கிக்கிட்டே வந்திருக்காங்க. அடிப்பகுதியைப் பாரு, முடியலை" என்றார். அர்ச்சுனன் தபசுப் பாறையில், தவம் செய்யும் பூனையையும் அதன் காலடியில் எலிகளையும் காட்டினார். "நடுவிலே பிளவு இருக்கு பாரு. அதைக் கங்கைன்னு சொல்லி, இது பகீரதன் தவம்னு வாதாடுறவங்களும் உண்டு" என்றார். நாற்பத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு இருபத்தாறு கிழவர் கிழவியர் வாய் பிளந்து பாடம் கேட்டோம்.

சாயங்காலம் சாளுவன்குப்பம் போனோம். 2004 சுனாமிக்குப் பிறகு அங்கே கல்வெட்டுப் பாறை ஒன்று வெளியே தெரிந்து, 2005இல் தொல்லியல் துறை தோண்டியபோது மண்ணுக்குள்ளிருந்து பழைய முருகன் கோயில் வெளிப்பட்டது. பல்லவர் காலக் கட்டுமானத்துக்கு அடியில் அதற்கும் முந்தைய செங்கல் கோயில். அதைச் சொல்லிக்கொண்டே வந்தவர் சற்று நின்றார். மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள். நான் மட்டும் பக்கத்தில்.

"அந்த 26ஆம் தேதி காலையிலே என் தம்பி வலை எடுக்கப் போனான். வரலை. அதுக்கப்புறம் நான் படகிலே கால் வைக்கலை. கடல் ஒத்துக்காதுன்னு அதைத்தான் சொன்னேன். காசும் இல்லைதான். ஆனா நீ காசை மட்டும்தான் நினைச்சே" என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. "வா, இருட்டுறதுக்குள்ளே போகலாம்" என்று நடந்தார்.

அன்று ராத்திரி மொட்டை மாடியில் எல்லோரும் உட்கார்ந்தோம். கப்பல் கம்பெனியின் விதிகளை அப்போதுதான் ஒருவர் நிதானமாகப் படித்தார். வெளித் தின்பண்டம் ஏற்றக் கூடாதாம்! வீட்டு அம்மணிகள் கட்டிக் கொண்டுவந்த முறுக்கு, அதிரசம், சீடை எல்லாம் அங்கேயே காலி. அடையாள அட்டைகளையும் ஏறும் சீட்டையும் அச்செடுத்து வைத்தோம். மாமல்லபுரத்திலிருந்து துறைமுகம் போக இரண்டு மணி நேரம் போதும் என்றார்கள். நாங்கள் நாலு மணி நேரம் வைத்துக்கொண்டோம். ராஜாஜி சாலை நெரிசலைக் கண்டவர்களுக்கு அது ஏன் என்று விளக்க வேண்டியதில்லை.

காலையில் பதின்மூன்று பேர் கிளம்பும்போது பதினான்கு பேர் வழியனுப்பினார்கள். யார் முகத்திலும் குறை இல்லை. நம் நண்பர் வேன் ஜன்னல் பக்கம் வந்து, "திரும்பி வந்ததும் போன் பண்ணு" என்றார். அந்தச் சொல்லின் கனம் எனக்கு மட்டும் தெரியும். மூன்றாம் நாள் தரையில் கால் வைத்ததும், வீட்டுக்குக் கூடப் பேசாமல் முதலில் அவருக்குத்தான் பேசினேன்.

மாணவச் செல்வங்களே, நாளைக்கு நீங்களும் இப்படிச் சேர்ந்து எங்காவது போகத் திட்டம் போடுவீர்கள். சிலர் நிறையச் சம்பாதித்திருப்பீர்கள், சிலருக்கு வாழ்க்கை வேறு மாதிரி போயிருக்கும். எல்லோரும் வரக்கூடிய பகுதியை முதலில் வையுங்கள். சிலர் மட்டும் போகக்கூடியதை அதற்குப் பின்னால் வையுங்கள். வராதவரிடம் காரணம் கேட்காதீர்கள். அதைவிட, நீங்களாக ஒரு காரணத்தை ஊகிக்காதீர்கள். நான் ஊகித்து ஒரு நல்ல நண்பனை இழக்கப் பார்த்தேன்.

நம் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டுச் சந்திப்புக்குப் பெரிய ஓட்டல் பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முதல் நாள் இந்தக் கல்லூரி மரத்தடியில், ஒரு சாப்பாட்டுச் செலவில், எல்லோரும் கூட ஒரு பொழுது வையுங்கள். எங்கள் வகுப்புக்கு அந்த வழி பலித்தது.

அந்த நண்பர் இன்று வந்திருக்கிறார். எந்த வரிசை என்று சொல்ல மாட்டேன். மறுபடியும் குழுவை விட்டு வெளியேறிவிடுவார்!