முதல் படகுக்கு என்ன பலகை?

ஏரியில் துடுப்புப் போட ஒரு சின்னப் படகை நீங்களே செய்யப் போகிறீர்களா? முதல் படகுக்கு விலை குறைந்த ப்ளைவுட்டே போதும். அடுக்குகளை ஒட்டும் பசையில் மட்டும் சிக்கனம் வேண்டாம்; அதன் தரத்தைப் பலகை மேல் உள்ள முத்திரை சொல்லும். எம்.ஆர். (ஈரப்பதம் தாங்கும்) முத்திரைப் பலகை அலமாரிக்குத்தான். தண்ணீரில் ஊறினால் அடுக்கடுக்காகப் பிரிந்துவிடும். ஐ.எஸ். 710 மரைன் ப்ளைவுட் 72 மணி நேரம் கொதிநீரில் தாங்கும், ஆனால் விலை அதிகம். நடுவில் இருப்பது பி.டபிள்யு.ஆர். (கொதிநீர் தாங்கும்) பலகை. அதைக் கேளுங்கள்.

வாங்குமுன் ஒரு துண்டைக் கொண்டுவந்து, பழைய பாத்திரத்தில் சில மணி நேரம் கொதிக்க விடுங்கள். ஆறியதும் ஓரத்தில் நகத்தை நுழைத்துப் பாருங்கள். அடுக்கு வாய் பிளந்தால் அந்தப் பலகை வேண்டவே வேண்டாம். வெட்டிய விளிம்பில் இடைவெளி தெரிந்தாலும் விட்டுவிடுங்கள், வளைக்கும்போது அங்கேதான் முறியும். நல்ல பலகை கிடைத்ததா? விளிம்பெல்லாம் எபாக்சி பூசுங்கள். தண்ணீர் முதலில் நுழைவது அந்த வழியாகத்தான்.