ஓர் இடம் ஒதுக்கி வையுங்கள்



அழைப்பிதழில் ‘சாவும் வாழ்வும்’ என்ற தலைப்பைப் பார்த்த உறவினர் ஒருவர், “பேத்தி கல்யாணத்தை வைத்துக்கொண்டு இதற்கா தலைமை?” என்று கேட்டார். அவருக்கு அன்று சொல்லாத பதிலைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

புலவர்களாகிய நாம் சாவைப் பேச வந்தால் உடனே நிலையாமையைப் பிடித்துக்கொள்வோம். தொல்காப்பியத்தில் காஞ்சித்திணை, குறளில் 34ஆம் அதிகாரம், அப்புறம் நாலடியார். தவறில்லை. ஆனால் நிலையாமை என்பது சற்றுத் தள்ளி நின்று பார்ப்பவரின் பேச்சு. சாகக் கிடப்பவருக்கு வேறு வேலை இருக்கிறது.

கோப்பெருஞ்சோழனைப் பாருங்கள். பெற்ற பிள்ளைகளோடு பகை, வெறுத்துப்போய், உண்ணாமல் உயிர்விட வடக்கிருந்தான். அப்போதும் அவன் இடம் ஒதுக்கிக்கொண்டிருந்தான். நேரில் பார்த்தே இராத பிசிராந்தையார் வருவார், அவருக்கும் இடம் விடுங்கள் என்றான். பக்கத்திலிருந்தவர்கள் நம்பவில்லை, அவர் வந்தார். உடன் உயிர்விட நின்ற பொத்தியாரையோ, மனைவி கருவுற்றிருக்கிறாள், பிள்ளை பிறந்தபின் வா என்று திருப்பி அனுப்பினான். அவர் வந்தபோது சோழன் நடுகல்லாகியிருந்தான். என் இடம் எது என்று அந்தக் கல்லைத்தான் கேட்டார். ‘கையறுநிலை’ என்று துறையைச் சொல்லிவிட்டு, வகுப்பில் நான் எத்தனையோ ஆண்டுகள் அடுத்த பாட்டுக்குப் போயிருக்கிறேன்.

என் அப்பத்தாவுக்கு வயிற்றில் புற்று. வாயுக் கோளாறு என்று நாலு மாதம் சொல்லிவைத்தோம். ஒரு நாள் பின்னிரவில், “செவலப் பசுவ யாருக்குக் குடுக்கப் போறீக?” என்றாள். “நீயே வந்து பாத்துக்க, அப்பத்தா” என்றேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். பிறகு கேட்கவேயில்லை. கன்றுக்குட்டியைப் பற்றியும் ஏதோ சொல்ல நினைத்திருப்பாள்.

1948இல் லண்டன் மருத்துவமனை ஒன்றில் டேவிட் டாஸ்மா என்ற போலந்து அகதி புற்றுநோயால் செத்துக்கொண்டிருந்தார். சிசிலி சாண்டர்ஸ் என்ற சமூகப் பணியாளர் அவரருகே உட்கார்ந்து பேசினார். சாகிறவர்களுக்கென்று ஒரு வீடு வேண்டும் என்ற யோசனை அந்தப் பேச்சில் உருவானது. அதில் ஒரு ஜன்னலாக இருக்கிறேன் என்று 500 பவுண்டு எழுதிவைத்துவிட்டுப் போனார் டாஸ்மா. சாண்டர்ஸ் பிறகு மருத்துவம் படித்து, 1967இல் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் இல்லத்தைத் திறந்தார். அங்கே அந்த ஜன்னல் இருக்கிறது. உலகெங்கும் இன்று நடக்கும் வலிதணிப்புச் சிகிச்சைக்கு அதுவே முன்னோடி.

உயிர்காக்கும் கருவி வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்க 2018இல் நம் உச்சநீதிமன்றம் வழிவிட்டது. 2023இல் நடைமுறையையும் எளிதாக்கியது. நல்லதுதான். ஆனால் பசுவைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்லாத வீட்டில் அந்தத் தாளை யார் எடுத்து நீட்டுவது?

முதல் அமர்வு ஒப்பாரி பற்றியது. கட்டுரைக்கு இருபது நிமிடம். மணி அடிக்கத் தயங்க மாட்டேன். வலிதணிப்புப் பிரிவிலிருந்து செவிலியர் நால்வர் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அம்மா, இப்படி முன்னால் வாருங்கள். பேராசிரியர்களே, கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள்.