இரவைக் கடக்கும் சிற்றுயிர்கள்

அமெரிக்கக் கண்டங்களில் வாழும் ஓசனிச்சிட்டு, பூவின் முன் அந்தரத்தில் நின்றே தேன் உறிஞ்சும். ஆஸ்திரேலியாவின் தென்மேற்கில் வாழும் தேன் போசம், கங்காருவைப் போல் குட்டியைப் பையில் சுமக்கும், அளவில் சுண்டெலிதான். கிளையைப் பற்றிக்கொண்டு பூவை நக்கும். குளிரும் பசியும் நெருக்கும்போது இரண்டும் உடல் சூட்டைக் குறைத்து, அசையாமல் கிடந்து, பின் விழித்து மீண்டும் பூவைத் தேடுகின்றன. படைத்தவர் இவற்றுக்குத் தந்த வழி இது.

நம் பெரம்பலூரும் அரியலூரும் வானம் பார்த்த பூமி. மக்காச்சோளமும் பருத்தியும் கருகிய ஆண்டில், கடனை நினைத்து நாம் உறங்குவதில்லை. அந்த இரவில் தனியாக எந்த முடிவும் எடுக்க வேண்டாம். விடியும்வரை பொறுப்போம். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவோம். நம் கதவு தட்டப்பட்டால், நள்ளிரவானாலும் எழுந்து திறப்போம். வானத்துப் பறவைகளுக்கு உணவளிக்கும் தந்தை, பல நேரம் நம் கைகளால்தான் அயலாருக்கு ஊட்டுகிறார். ஆமென்.